மூன்று நாள் தம்போ

எனக்குக் கோபம் வந்தால் கை முந்திவிடும், புத்தி பின்னால் நொண்டிக்கொண்டு வரும். எங்கள் ஊர் லிகாவோனில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். என் கடையில் காசு போட்டால் ஓடுகிற கணினிகள் ஆறு இருக்கின்றன. அதில் ஒன்றின் மௌஸைப் பிடுங்கி, என்னைப் பார்த்துக் கண்ணடித்த லாரி டிரைவர் ஒருவன்மேல் எறிந்திருக்கிறேன். அவன் குனிந்துவிட்டான், சுவர்க் கடிகாரம் உடைந்தது. என் புருஷன் தொமெங் சிரித்துக்கொண்டே கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினான்.

"அடிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா ஆளைப் பார்த்து அடி மெர். கடிகாரம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான்.

தொமெங்குக்கு ஆற்றில் வேலை. ஆறு என்று பெயர்தான், வருஷத்தில் பாதி நாள் தண்ணீரே இருக்காது. எரிமலை கக்கிய மணல்தான் கரைக்குக் கரை கிடக்கும். அதை வாரி லாரியில் ஏற்றுவதுதான் எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேருக்குச் சோறு. ஆபத்து மேலே இருக்கிறது. மலை உச்சியில் ஒரு மணி நேரம் மழை கொட்டினால் போதும், சாம்பலும் பாறையும் குழைந்த சேறு ஓடை வழியாக இறங்கிவிடும். அந்த நேரம் கீழே எங்களுக்குச் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பள்ளத்தில் நிற்பவன் காதில் அந்தச் சத்தம் விழுந்தால், பிறகு ஓட நேரமில்லை. மேலே கனிபோங் வளைவைத் தாண்டி அது எங்கள் பள்ளத்துக்கு வந்து சேர அரைமணி நேரம் ஆகும்.

அந்த அரைமணியை எங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவள் மனாய் சாலோமே. கனிபோங்கில் ஓடை திரும்புகிற இடத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள், அதனால்தான் மனாய், அக்கா. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே ஓடை. தண்ணீர் நிறம் மாறினால் கரண்டியைப் போட்டுவிட்டு ஃபோனை எடுத்து ஒரே ஒரு வார்த்தை எழுதுவாள்: "சக்கத்." ஏறு என்று அர்த்தம். உடனே எங்கள் ஆட்கள் அத்தனை பேர் ஃபோனிலும் மணியடிக்கும், மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டுக் கரையேறுவார்கள். இரண்டு வருஷத்தில் ஒன்பது தடவை அப்படி ஏறியிருக்கிறார்கள்.

அவள் எழுதியது பெரிய கம்பெனித் தளம் எதிலும் அல்ல. போன தேர்தலில் இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவர்மேல் ஒருவர் போட்ட புகாரில், ஒரு புயல் நாளில் அந்தத் தளத்தில் இருந்த எங்கள் ஊர்ப் பக்கமே மூடப்பட்டுப்போனது. அதற்குப் பிறகு கூட்டுறவுச் சங்கத்துப் பிள்ளைகள் வந்து ஊருக்கொரு சர்வர் வைத்துக் கொடுத்தார்கள். எங்களுடையது என் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கனிபோங்கினுடையது அவர்கள் பள்ளிக்கூடத்தில். தனித்தனி வீடு, நடுவில் ஒரு கதவு. இங்கே பேசினால் அங்கே கேட்கும். மேலே முதலாளி என்று யாரும் கிடையாது. பிடிக்காதவர்களை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொள்ளவும் அந்தந்த வீட்டுக்கு உரிமை உண்டு. எங்கள் வீட்டுச் சாவி என்னிடமும் பெர்த்தோவிடமும் இருந்தது. பெர்த்தோ எங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார், ஆரஞ்சுக் கட்சிக்காக உயிரையே விடுவான்.

மே மாதம் மேயர் தேர்தல் வந்தது. கனிபோங் முழுக்கப் பச்சை, லிகாவோன் முழுக்க ஆரஞ்சு. பச்சை ஜெயித்தது. அன்று மாலையே கனிபோங்கிலிருந்து ஒரு படம் வந்து எங்கள் எல்லோர் ஃபோனிலும் குந்திக்கொண்டது. ஆரஞ்சு வேட்பாளர் கொடுத்த அரிசிப் பையை வாங்க எங்கள் மணல் ஆட்கள் வரிசையில் நிற்கிற படம். முன்னால் தொமெங். அவன் முகத்தில் பன்றி மூக்கு ஒட்டவைத்து, கீழே "மண் தின்னிகளுக்கு இன்று அரிசி" என்று எழுதியிருந்தார்கள். போட்டவன் சாலோமேயின் அண்ணன் மகன்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெர்த்தோ ஓடிவந்தான்.

"மனாய், பார்த்தீங்களா? இதுக்கப்புறமும் அவங்களோட ஒரே கூரைக்குக் கீழே இருக்கணுமா? வெட்டி விடுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"மூணு நாள். தம்போ பண்றோம்னு தெரியட்டும். அப்புறம் அவங்களே வந்து கெஞ்சுவாங்க."

தம்போ என்றால் சண்டை கிடையாது. மனசு நோகும்போது பேச்சை நிறுத்திக்கொள்வது. காரணத்தை வாய்விட்டுச் சொல்லக்கூடாது, சொன்னால் அது தம்போ ஆகாது. எதிராளிதான் புரிந்துகொண்டு, தேடி வந்து, கொஞ்சிக் குழைந்து சரிக்கட்ட வேண்டும். பெண்டாட்டி புருஷனிடம் செய்வாள், மாமியார் மருமகளிடம் செய்வாள். எங்கள் பக்கத்தில் அது இல்லாத வீடு கிடையாது.

தொமெங் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். "விடு மெர். பன்னி மூக்கு எனக்கு நல்லாத்தான் இருக்கு. நிஜ மூக்கைவிடச் சின்னது" என்றான். அவன் சிரித்தது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. என் புருஷனை ஊரே பார்த்துச் சிரிக்கிறது, இவனும் சேர்ந்து சிரிக்கிறானே என்று.

திரையில் இரண்டு பொத்தான் இருந்தது. ஒன்று "ஒதுக்கு", இன்னொன்று "துண்டி". ஒதுக்கு என்பது எனக்குச் சப்பென்று இருந்தது. துண்டி என்பதை அமுக்கினேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? ஆமாம் என்று இன்னொரு தடவை அமுக்கச் சொன்னது, அமுக்கினேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

நான்காம் நாள் காலையில் தடையை எடுத்துவிட்டேன். "கனிபோங்குக்குக் கதவு திறந்தாச்சு" என்று எங்கள் ஊர்ப் பலகையில் எழுதினேன். எதிர்த் திசையிலிருந்து ஒரு வணக்கம்கூட வரவில்லை. மறுநாளும் இல்லை. சாலோமேயின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தேர்தலுக்கு முன்னால் அவள் போட்ட மீன் குழம்புப் படம் கடைசியாக நின்றது. அதற்குப் பிறகு வெறுமை.

"பதிலுக்கு அவங்க தம்போ பண்றாங்க" என்றான் பெர்த்தோ. "ஜெயிச்ச திமிர். நாம போய்க் கெஞ்சணுமாம்."

"நான் ஏன் கெஞ்சணும்? மூக்கு ஒட்டினது அவங்க" என்றேன்.

ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. எங்கள் ஆட்கள் ஒருவரும் அந்தப் பக்கம் எதுவும் எழுதவில்லை. யார் முதலில் எழுதினாலும் அவன் பச்சைக்கு வால்பிடிக்கிறான் என்று பேச்சு வரும். ஒருதடவை சந்தையில் சாலோமேயைத் தூரத்தில் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ கேட்க வருகிறமாதிரி ஒரு எட்டு எடுத்து வைத்தாள். நான் கருவாட்டுக் கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். எனக்கென்று ஒரு ரோஷம் வேண்டாமா என்று அப்போது நினைத்தேன். அந்த ரோஷத்தை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஜூன் பிறந்ததும் மலைத் தலையில் மதியமானால் மேகம் உட்கார ஆரம்பித்தது. தொமெங் தினமும் காலையில் காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்பான்.

"மேலேர்ந்து ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல. மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காங்க."

"அப்ப மழையில்லன்னு அர்த்தம். மனாய் சாலோமேக்கு நம்ம மேல கோபம் இருக்கலாம். ஆனா தண்ணி வந்தா சொல்லாம இருக்கமாட்டா. அந்தப் பொம்பள எமனுக்கே சோறு போட்டு அனுப்புற ஆளு."

எனக்கு உள்ளுக்குள் லேசாக ஒரு சந்தேகம் இருந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஒருநாள் கேட்டும் விட்டேன்.

"கோபத்துல எழுதாம விட்டுட்டா?"

அவன் குவளையைக் கீழே வைத்தான். "மெர், ஓட்டுப் போடுற கை வேற, அடுப்பை அணைச்சிட்டு எழுதுற கை வேற. அவ எழுதுவா." பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். நான் அதோடு விட்டுவிட்டேன். ஒரு நடை அவள் கடைக்குப் போய், "மனாய், இருக்கீங்களா?" என்று கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. கடையில் நாலு பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு முப்பத்தைந்துக்கு கிளாரிசா வந்தாள். இரண்டு ஊருக்கும் பொதுவான சுகாதார நிலையத்தில் நர்ஸ், கலகலப்பான பெண். தடுப்பூசிப் பட்டியலை அச்சடிக்கக் கொடுத்துவிட்டு, ஃபோனைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"மனாய் மெர்லி, உங்க ஊர்க்காரங்க மனசு என்ன கல்லா? பாவம், அந்தம்மா தொண்டை கிழியக் கத்துது, ஒருத்தர்கூட பதில் போடல."

"எந்தம்மா?"

"சாலோமே அம்மாதான். வேற யாரு?"

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். கிளாரிசா எங்கள் சர்வரிலும் இல்லை, அவர்களுடையதிலும் இல்லை. தலைநகரத்து நர்சுகள் நடத்துகிற ஒன்றில் இருப்பவள். அங்கே எல்லாம் வந்திருந்தது. தேர்தலுக்குப் பிறகு சாலோமே ஒரு நாளைக்குக்கூட நிறுத்தவில்லை. காலையில் ஓடையின் படம், மாலையில் ஓடையின் படம். அண்ணன் மகன் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு நீளக் கடிதம், தொமெங் பெயரைப் போட்டு. அதற்கு மேலே அன்றைய மதியம்.

இரண்டு பதினொன்று: "சக்கத்."

இரண்டு பதினாலு: "சக்கத். ஓடை கறுத்துப்போச்சு."

இரண்டு பத்தொன்பது: "பார்த்தீங்களா? யாராவது ஒரு பதில் போடுங்க."

இரண்டு இருபத்தாறு: "லிகாவோன்காரங்களே, உங்க தம்போவை அப்புறம் வச்சிக்கலாம். ஏறுங்க."

இரண்டு முப்பத்தொன்று: "தொமெங், நீயாவது."

அதற்குப் பிறகும் இரண்டு இருந்தன. நான் படிக்கவில்லை. தொமெங்குக்கு ஃபோன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. பள்ளத்தில் மணல் சலிக்கிற எஞ்சின் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. சாலோமேயின் மணிச் சத்தத்துக்கு மட்டும் தனியாக அதிர்வு வைத்து, ஃபோனை நெஞ்சுப் பையில் வைத்திருப்பான். என் அழைப்புக்கு அப்படி வைக்கவில்லை. பெண்டாட்டி கூப்பிட்டால் சாமான் வாங்கிவரச் சொல்வதற்குத்தான் என்று கேலி பண்ணுவான்.

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கிளாரிசா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து என்னை ஏற்றினாள். வாழைத் தோட்டம் வரை போயிருப்போம். தரை அதிர்ந்தது. பிறகு அந்தச் சத்தம், நூறு லாரி ஒன்றாகக் கல்லைக் கொட்டுகிற சத்தம். கிளாரிசா வண்டியை நிறுத்திவிட்டாள். நான் இறங்கி ஓடிக் கரையை அடைந்தபோது பள்ளம் இல்லை. கரைக்குக் கரை சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வீடு உயரப் பாறைகள் அதில் மிதந்து போயின. தலைக்கு மேலே வெயில் அப்படியே இருந்தது.

ஆறு பேர் கரையேறியிருந்தார்கள், சோறு தின்ன ஏற்கெனவே மேலே வந்தவர்கள். நாலு பேர் கீழே இருந்தார்கள். தொமெங் எஞ்சினை நிறுத்தத் திரும்பினானாம்.

இரண்டு நாள் கழித்துக் கிடைத்தான். அது எப்படி இருந்தது என்று நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை.

அவனைக் குளிப்பாட்டுகிறவர்களிடம் விட்டுவிட்டுப் பின்னறைக்குப் போய் சர்வரைத் திறந்தேன். அந்தப் பொடி எழுத்தை அன்றைக்குத்தான் படித்தேன். "துண்டித்தால் இரு தரப்பிலும் பின்தொடர்பவர்கள் அனைவரும் நீக்கப்படுவார்கள். தடையை எடுத்தாலும் அவர்கள் திரும்ப வரமாட்டார்கள்." அவ்வளவுதான். கதவைத் திறந்துவிட்டேன், ஆனால் யார் குரலை யார் கேட்க வேண்டும் என்கிற பட்டியலை அது துடைத்துவிட்டிருந்தது. ஒவ்வொருவரும் மறுபடி போய்ச் சாலோமே பெயரைத் தட்டியிருக்க வேண்டும். தட்டாததால் அவள் எழுதியது எதுவும் எங்கள் பக்கம் வரவே இல்லை. நாங்கள் எழுதினால் அவளுக்கும் போயிருக்காது. அவள் பக்கம் வெறுமையாகத் தெரிந்தது அவள் பேசாததால் அல்ல. எங்கள் ஊரில் எந்தத் தம்போ முடிந்தாலும் உறவு பழையபடி ஒட்டிக்கொள்ளும். மெஷினும் அப்படித்தான் என்று நான் நினைத்துவிட்டேன்.

பெர்த்தோ என் முதுகுக்குப் பின்னால் நின்று படித்தான். அவன் முகம் வெளுத்துப்போனது. அறைக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"மனாய், இதை வெளியே சொல்லாதீங்க. நாலு பொணம் கிடக்கு. ஊரு நம்ம ரெண்டு பேரையும் உயிரோட விடாது."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் வேணாம். யாராவது கேட்டா வரலைன்னு மட்டும் சொல்லுங்க. வரலதானே?"

நான் திரையை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். ஊரில் அதற்குள் கதை கட்டியாகிவிட்டது. பச்சைக்காரர்கள் வேண்டுமென்றே எழுதவில்லை, மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள், எங்கள் ஆட்கள் சாகட்டும் என்று விட்டுவிட்டார்கள். எல்லோர் ஃபோனிலும் அதுதான் ஓடியது. படித்தவர்கள், கோயிலில் முன்வரிசையில் மண்டியிடுகிறவர்கள், எல்லோரும் எழுதினார்கள். நான் திருத்தவில்லை. உண்மையைப் பார்த்த கிளாரிசா தடுப்பூசி வேலையாக வேறு ஊருக்குப் போயிருந்தாள்.

துக்க வீட்டின் இரண்டாம் நாள் மதியம். சவப்பெட்டியைச் சுற்றி மெழுகுவத்தி, வாசலில் பந்தல், பந்தலுக்குக் கீழே ஆண்கள் எங்கள் பக்கத்துத் துக்க வழக்கப்படி சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பேச்சு நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். மனாய் சாலோமே தனியாக வந்துகொண்டிருந்தாள். கறுப்புத் துணி, கையில் ஒரு வெள்ளை மெழுகுவத்தி, இன்னொரு கையில் ஃபோன்.

தொமெங்கின் தம்பி பித்யோங் எழுந்து வழியை மறித்தான்.

"என்ன, எண்ணிப் பார்க்க வந்தியா? நாலு போதுமா, இன்னும் வேணுமா?"

"வழிய விடு தம்பி. நான் அவனைப் பார்க்கணும்."

"நீ எழுதியிருந்தா அவனை உயிரோட பார்த்திருக்கலாம்."

"எழுதினேன்" என்றாள் சாலோமே. "ஏழு தடவை எழுதினேன். உங்கள்ல ஒருத்தருக்கும் பதில் போட மனசு வரல. ஒரு மாசமா நீங்க என்னைப் பார்க்காத மாதிரி இருந்தீங்க, சரி, கோபம்னு நினைச்சேன். உயிர் போற நேரத்துலயுமா?"

"பொய்யி. ஒரு மணிகூட அடிக்கல."

"இதோ இருக்கு, பாரு." அவள் ஃபோனை நீட்டினாள். பித்யோங் அதைப் பார்க்கவே இல்லை. "உன் ஃபோன்ல நீ என்ன வேணும்னாலும் எழுதி வச்சிக்கலாம், அப்புறமா" என்றான். பந்தலிலிருந்து இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

அவள் அவனைத் தாண்டி என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊரில் அந்தச் சர்வரைத் திறந்து பார்க்கத் தெரிந்தவள், பெர்த்தோவை விட்டால், நான் ஒருத்திதான்.

"மெர்லி, உனக்குத் தெரியும். நீயே சொல்லு. வந்துச்சா, இல்லையா?"

பெர்த்தோ பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் வாயைத் திறந்து, நடந்தது எல்லாவற்றையும் சொல்லத்தான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"வரல, மனாய்" என்றேன்.

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

அவள் என்னை நம்பினாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கோபப்படுவாள், என்னைக் காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஃபோனைத் திருப்பித் தன் முகத்துக்கு நேரே வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். விரலால் ஏழு பதிவையும் ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"வரலையா?" என்றாள். "அப்ப நான்தான் எதையோ தப்பா அமுக்கியிருக்கேன். கண்ணு முன்ன மாதிரி தெரியறதில்ல. ஐயோ, நான்தான் எங்கேயோ தப்பா அனுப்பிட்டேன்."

பித்யோங்கே அசந்துபோய் வழியை விட்டான். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். பெட்டி மூடியின் கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு, "தொமெங், இந்தக் கெழவியை மன்னிச்சிடுப்பா. நான் எழுதினேன்னு நினைச்சிட்டு அடுப்படிக்குப் போயிட்டேனே" என்று அழுதாள். பக்கத்தில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். பின்னால் யாரோ, "ஒத்துக்கிட்டா பாரு, அவ வாயாலயே ஒத்துக்கிட்டா" என்றார்கள். மூன்று நான்கு ஃபோன்கள் உயர்ந்து அவளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. பந்தலுக்கு வெளியே நின்றவர்கள் தணிந்த குரலில், கனிபோங்குக்கு அடிக்கப் போக எந்த வண்டியில் எத்தனை பேர், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னாலா பின்னாலா என்று பேசினார்கள்.

நான் எழுந்தேன். "மனாய்" என்று கூப்பிட்டேன். அவள் ஈரமான முகத்தோடு திரும்பி, "நீ என்னை மன்னிக்கவேண்டாம் மெர்லி, அதைக் கேட்க எனக்கு யோக்யதை இல்ல" என்றாள்.

பெர்த்தோ என் தோளை அழுத்தி உட்காரவைத்தான். சர்க்கரை போட்ட காப்பியை என் கையில் கொடுத்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குடித்தேன்.